பின்மண்டை

வசீலாவுக்கும் அந்த இயந்திரத்துக்கும் முதல் வாரத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை.

ஸ்ஃபாக்ஸ் என்ற துறைமுக நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர் அவள். ஒரு காலத்தில் அந்தப் பிரிவில் உட்கார நாற்காலி போதாத அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிப் போய்விட, ஐம்பதைத் தாண்டிய வசீலா மட்டும் மிஞ்சினாள். ஒற்றை ஆளால் எத்தனை படங்களைத்தான் பார்க்க முடியும்? இயக்குநர் பூராவி அதற்கு ஒரு வழி செய்தார். தலை ஸ்கேன்களைத் தானே படித்து, பக்கவாதம் உண்டா இல்லையா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை வரவழைத்துப் பொருத்தினார். படம் எடுத்த சூட்டோடு அது அங்கே போகும். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். கோளாறு தெரிந்தால் சிவப்பு, தெரியாவிட்டால் பச்சை. வசீலாவின் கண்ணுக்குப் படம் வருவதற்கு முன்பே பக்கவாதப் பிரிவு டாக்டர் ஸ்கந்தரின் ஃபோனில் அந்த நிறம் போய் நிற்கும்.

ஊழியர்கள் அதற்குக் கஷ்ஷாஃப் என்று பெயர் வைத்தார்கள். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவன் என்று அர்த்தம். வசீலா அதைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டாள். "உன் ஆளு என்ன சொல்றான்?" என்றுதான் ஸ்கந்தரிடம் கேட்பாள்.

ஸ்கந்தர் லியோனில் படித்துவிட்டு வந்தவன், அவளைவிட இருபது வயது இளையவன். கெட்டிக்காரன்தான். ஆனால் தன் கெட்டிக்காரத்தனம் எதிரிலிருப்பவருக்கு உறைக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசுவான். இயந்திரத்தை வாங்கச் சொல்லி இயக்குநரின் காதில் ஓதியவன் அவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேருக்கும் நடுவே இருந்த புகைச்சல், நோன்பு மாதம் பிறப்பதற்குச் சற்று முன்னால் பற்றிக்கொண்டது. மீன் ஏலம் விடும் மொக்தார் என்ற கிழவரைத் தூக்கி வந்தார்கள். ஸ்கேன் மேஜையில் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் படம் மங்கலாக விழுந்தது. கஷ்ஷாஃப் சிவப்பு காட்டியது. வசீலா படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"இது அடைப்பு இல்ல. தல ஆடினதால வந்த மங்கல். உன் ஆளுக்கு எதப் பார்த்தாலும் அடைப்புதான்."

ஸ்கந்தர் மறுத்துப் பேசினான். அவளோ வயதையும் அனுபவத்தையும் முன்னால் நிறுத்தி அவன் வாயை அடைத்தாள். சில மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தபோது அடைப்பு பட்டவர்த்தனமாக இருந்தது. அதை உருவி எடுத்தார்கள், ஆனால் நேரம் கடந்திருந்தது. துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கூவி விற்ற மனிதருக்கு, தன் மகளின் பெயரைக்கூடச் சொல்ல வராமல் போயிற்று.

ஸ்கந்தர் அந்தக் கதையை ஒவ்வொரு மாடியிலும் சொன்னான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் வசீலாவுக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம்.

நோன்பின் கடைசி வாரம். மாலை நெருங்க நெருங்க மருத்துவமனையில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பசியும் தாகமும் காப்பி இல்லாத தலைவலியும் சேர்ந்து எல்லோர் மூக்கு நுனியிலும் கோபம் உட்கார்ந்திருந்தது. நுழைவாயிலில் வண்டி நிறுத்துவதற்காக இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நவ்ரஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியையை அவளுடைய கணவன் ஷாத்லி காரில் போட்டுக்கொண்டு வந்தான். பெருநாளுக்கு முடி திருத்திக்கொள்ளப் போனவள். அழகு நிலையத்தில் கழுவும் தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்து வெகுநேரம் கிடந்தாளாம். எழுந்தபோது உலகம் சுற்றியது. வாந்தி எடுத்தாள். அதன்பின் நிற்க முடியவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பச்சை.

வசீலா அப்போது வேறொருவரின் முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டு வரிசையில் அடுத்ததாக இருந்த நவ்ரஸின் படத்தைத் திறந்தாள். வேகமாக ஓட்டினாள். முன்பக்கம் சுத்தம், நடுவிலும் சுத்தம். பின்மண்டைக்கு வந்தபோது கை நின்றது. அங்கே இரு பக்கமும் தடித்த எலும்பு. ஸ்கேன் எப்போதும் அந்த இடத்தில் கோடு கோடாகத்தான் விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவே, சிறுமூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு இழை கறுப்பாக இருந்தது. இருந்ததா? திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஒரு முறை இருந்தது, மறுமுறை இல்லை.

அவள் தன்னையே சந்தேகித்தாள். தெரிவது கறுப்பா, இல்லை மனசுக்குள் இருக்கிற கறுப்பா? அந்த இயந்திரம் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வாதா என்று மாதக்கணக்காகக் காத்திருப்பவள் அவள். கஷ்ஷாஃப் வந்த முதல் வாரத்திலேயே அதன் கையேட்டைப் படித்திருந்தாள். முன்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்களையும் ரத்தக்கசிவையும் பார்க்கத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள், பின்மண்டைக்கு அல்ல என்று அதிலேயே இருந்தது. ஒரு சண்டைக்கு நடுவில் ஸ்கந்தரிடம் அதைச் சொல்லவும் செய்தாள். "பின்னாடி உன் ஆளு குருடன்" என்று. அவன் சிரித்துவிட்டுப் போனான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

படம் எடுக்கும் சல்வாவைக் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணு இன்னும் இருக்காளா?"

"கீழ இருக்கா லல்லா. சலைன் ஏத்தி வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. நோன்புல மயக்கம்னு சொன்னாங்க." வயதில் மூத்த பெண்களை அங்கே லல்லா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"யாரு சொன்னது?"

சல்வா திரையை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். வசீலா எழுந்து செருப்பை மாட்டினாள். ஸ்கேன் படிக்கிற டாக்டர் நோயாளியைப் பார்க்க அவசரப் பிரிவுக்கு இறங்கி வருவது அங்கே வழக்கமே இல்லை. அவள் உள்ளே நுழைந்ததும் இரண்டு செவிலியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நவ்ரஸ் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். பாதி முடி ஈரமாக, பாதி முடி சுருட்டிக் கிளிப் போட்டபடி. விக்கிக்கொண்டே இருந்தாள். ஷாத்லி அவள் பையையும் காலணிகளையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். ஸ்கந்தர் மேஜையருகே எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"இவளுக்கு ரத்தக்குழாய் ஸ்கேன் வேணும்," என்றாள் வசீலா. "கழுத்திலேர்ந்து."

ஸ்கந்தர் தலையைத் தூக்கவில்லை. "வாங்க லல்லா வசீலா. இப்ப நோயாளிங்கள நீங்களே பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா? எங்களுக்கு வேலை மிச்சம்."

"சிறுமூளையில இடப்பக்கம் சந்தேகமா இருக்கு."

"கஷ்ஷாஃப் பச்சைன்னு சொல்லியிருக்கு."

"உன் ஆளு அங்க பார்க்கவே மாட்டான்னு உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கேன்."

"மொக்தாருக்கும் இப்படித்தான் சொன்னீங்க." இப்போது நிமிர்ந்து பார்த்தான். "அப்ப சிவப்ப இல்லேன்னீங்க. இப்ப பச்சைய இல்லேங்கிறீங்க. அது எதச் சொன்னாலும் நீங்க எதிர்ப்பக்கம்தான் நிப்பீங்க. நோன்புக் கோபத்தக் காட்ட வேற ஆள் கிடைக்கலையா?"

செவிலியர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வசீலாவின் காது மடல்கள் சுட்டன. மேலே போய்விடலாமா என்று தோன்றியது. போயிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷாத்லி குறுக்கே வந்தான். "என்ன நடக்குது இங்க? டாக்டர் போகலாம்னு சொல்லிட்டாரு. மெஷினும் சுத்தம்னு சொல்லிடுச்சு. நீங்க யாரு?"

"ஸ்கேன் படிக்கிறவ."

"மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல. அதனாலதான் கேக்குறேன்."

"அப்ப தெரிஞ்சுட்டு வந்து பேசுங்க. வீட்டுல புள்ளைங்க நோன்பு திறக்கக் காத்திருக்குதுங்க. உங்க சண்டைக்கு என் பொண்டாட்டியா கிடைச்சா?"

வசீலா அவனைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். "நவ்ரஸ், கொஞ்சம் உக்காருமா."

"முடியல," என்றாள் நவ்ரஸ் கண்ணைத் திறக்காமலே. "இடது பக்கமா யாரோ இழுக்குறாங்க."

"நான் பிடிச்சுக்கிறேன். உக்காரு."

தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். நவ்ரஸ் அடுத்த கணம் இடப்பக்கமாக, மூட்டை சரிவதைப் போலச் சரிந்தாள். வசீலா தாங்கிப் பிடித்து மறுபடி நிமிர்த்தினாள். இந்த முறை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, தன் விரலை எதிரில் நீட்டி அதைத் தொடச் சொன்னாள். வலது கை நேராக வந்து தொட்டது. இடது கை காற்றில் தடுமாறி, விரலைத் தாண்டிப் போய் வசீலாவின் கன்னத்தில் இடித்தது.

ஸ்கந்தர் பேனாவை வைத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வாந்தி எடுத்துக் களைச்சுப் போனவங்க சாயத்தான் செய்வாங்க."

"நீ இவள உக்கார வச்சுப் பார்த்தியா?"

ஸ்கந்தர் எழுதிக்கொண்டிருந்த தாளைப் புரட்டினான்.

"நிக்க வச்சுப் பார்த்தியா? ஃபோனைப் பார்த்தியே, அது தவிர என்ன பார்த்த?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஸ்கேனுக்கு ரத்தத்துல சாயம் ஏத்தணும். ஏதாவது ஆச்சுன்னா..."

"உன் கையெழுத்து யாருக்கு வேணும்? ஸ்கேன் என்னோடது. நான் போட்டுக்கிறேன்." ஷாத்லியின் பக்கம் திரும்பினாள். "கொஞ்ச நேரம் குடுங்க. ஒண்ணும் இல்லேன்னா நானே வாசல் வரைக்கும் வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு அனுப்புறேன். எல்லாரும் பார்க்கட்டும்."

ஷாத்லி மனைவியைப் பார்த்தான். அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் முடிங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

சல்வா ஊசி குத்திச் சாயத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. அவள் தன் சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையைக் கன்னத்தில் அடக்கியபடியே பொத்தானை அழுத்தினாள். வசீலாவுக்குத் தண்ணீர் நினைவே வரவில்லை. படங்கள் திரையில் இறங்கின. கழுத்து எலும்புகளுக்குள் நுழைந்து பின்மூளைக்கு ஏறும் இரண்டு குழாய்களில் வலது குழாய் வெள்ளைக் கயிறு போல மேலே போயிற்று. இடது குழாய் மண்டைக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே கூம்பி, மெலிந்து, நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க முடியாது. மார்புக்குள் ஏதோ குதித்தது. அடுத்த மூச்சில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளின் கிளிப் போட்ட தலை கண்ணில் பட்டது.

"ஸ்கந்தரக் கூப்பிடு," என்றாள் சல்வாவிடம்.

அவன் வந்து திரையைப் பார்த்தான். படத்தைத் தானே மேலும் கீழும் ஓட்டினான். அவன் முகம் வெளுத்தது அந்த மங்கல் வெளிச்சத்திலும் தெரிந்தது. தொட்டியில் சாய்ந்து கிடந்ததில் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். பிறகு, "கஷ்ஷாஃப இதப் பார்க்கிறதுக்குச் செய்யல," என்றான்.

"அப்புறம் எதுக்குப் பச்சை போடுது? பார்க்கலேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அது அப்படித்தான்..."

"போ. போய் அவ புருஷன்கிட்ட இந்த வாயால சொல்லு."

அன்றே மருந்து தொடங்கினார்கள். இருந்தும் மறுநாள் சிறுமூளை வீங்கியது. நவ்ரஸ் கூப்பிட்டால் கண் திறக்காத நிலைக்குப் போனாள். மூளை அறுவை மருத்துவர்கள் பின்மண்டை எலும்பைத் திறந்து வீக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் படுக்கையிலேயே முடிந்திருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பெருநாளன்று ஊர் முழுக்க உப்பு மீனும் வெங்காயமும் திராட்சையும் போட்ட குழம்புமாக மணத்துக்கொண்டிருக்க, ஷாத்லி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

பெருநாள் கழிந்ததும் பூராவி கூட்டம் போட்டார். இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் ஆள் ஒருவன் திரையில் தோன்றினான். நன்றாக முகம் மழித்திருந்தான். "எங்கள் தயாரிப்பு பிழை செய்யவில்லை. பின்பகுதி அதன் எல்லைக்குள் வராது என்பதைக் கையேட்டில் தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறோம்," என்றான்.

"சரி, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க," என்றார் பூராவி. "இனிமே கவனமா இருப்போம். வெளிய யாரும் இதப் பத்திப் பேச வேண்டாம். நல்லபடியா முடிஞ்சிருக்கு."

"எது நல்லபடியா முடிஞ்சுது?" என்றாள் வசீலா. "அந்தப் பொண்ணு இன்னும் குழாய் வழியாத்தான் சாப்பிடுறா."

"லல்லா, உங்களுக்கு அந்த மெஷின் வந்த நாள்லேர்ந்து பிடிக்கல..."

"பிடிக்கலதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தப் பச்சைய எடுங்க. சிவப்பு வேணும்னா இருக்கட்டும். சந்தேகம்னா சொல்லட்டும். சுத்தம்னு சொல்ற உரிமை அதுக்கு வேண்டாம். பச்சையப் பார்த்ததும் இங்க எல்லாருக்கும் கண்ணு மூடிக்குது."

ஸ்கந்தர் அதுவரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சிவப்பு இருக்கட்டும்னு இப்ப சொல்றீங்க. மொக்தார் வந்தப்ப சிவப்பக் குப்பையில போட்டது யாரு? அவர் பேச முடியாம கிடக்கிறது மெஷினாலயா?"

திரையிலிருந்த ஆள் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தான்.

"என்னால," என்றாள் வசீலா. "மெஷின் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. நானே சொல்லிட்டேன். இனி நீ மாடி மாடியா ஏறிச் சொல்லிக் கால் வலிச்சுக்க வேண்டாம். அதையும் எழுதுங்க, பூராவி சார். இதையும் எழுதுங்க. ரெண்டும் எழுதலேன்னா நான் ஒரு கையெழுத்தும் போட மாட்டேன்."

பூராவிக்கு எழுத விருப்பமே இல்லை. ஆனால் ஸ்கேன் படிக்க அவளை விட்டால் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நாள் இழுத்தடித்துப் பார்த்தார். பிறகு பச்சையை எடுத்துவிட்டார்கள். கோளாறு தெரியாத படங்களுக்கு, 'டாக்டர் பார்க்க வேண்டும்' என்று மட்டும் வந்தது. அவசரப் பிரிவில் அதற்காக வசீலாவைத் திட்டாதவர்கள் இல்லை. முன்பெல்லாம் பச்சையைப் பார்த்ததும் அனுப்பிவிடுவார்கள். இப்போது அவள் பார்க்கும்வரை கூட்டம் காத்துக்கிடந்தது. காத்துக்கிடந்தவர்களும் அவளைத்தான் திட்டினார்கள்.

கோடைக்காலத் தொடக்கத்தில் ஒரு முற்பகல், நடைப்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நவ்ரஸை அவள் பார்த்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் நடப்பவள் போலக் கால்களை அகட்டி வைத்து நடந்தாள். ஷாத்லி ஓரடி பின்னால் வந்துகொண்டிருந்தான். வசீலாவைக் கண்டதும் அவன் நின்றான். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். நன்றியாக இருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

"அந்த மெஷினுக்குப் பின்மண்டை தெரியாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும். டாக்டர் ஸ்கந்தர்கிட்ட சொன்னேன்."

"அவர்கிட்ட மட்டும்?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"ஒரு காகிதத்துல எழுதி அவசரப் பிரிவு சுவத்துல ஒட்டியிருந்தா அன்னைக்கு நானே கேட்டிருப்பேன். வந்ததும் இவள ஒழுங்காப் பார்த்திருப்பாங்க. வீங்கறதுக்குள்ள ஏதாவது பண்ணியிருப்பாங்க. உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லேன்னா, அதுக்கு நாங்க என்ன பண்ணோம்?"

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள் வசீலா.

"சரிதானா? அவ்வளவுதானா?" அவன் குரல் உயர்ந்தது. கூடத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "உங்கள மாதிரி ஆளுங்க..."

"ஷாத்லி, போதும்," என்றாள் நவ்ரஸ். "சாயறேன். என்னைப் பிடி."

அவன் பாய்ந்து போய் மனைவியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். அவள் வசீலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கவனமெல்லாம் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதில் இருந்தது. இருவரும் மெல்ல நகர்ந்து கூடத்துக்குள் போனார்கள்.

வசீலா லிஃப்டுக்குப் போனாள். கதவு திறந்தபோது உள்ளே ஸ்கந்தர் நின்றுகொண்டிருந்தான். அவனும் மேலேதான் போக வேண்டியவன். அவளைப் பார்த்ததும் வெளியே வந்து மாடிப்படிப் பக்கம் நடந்தான். அவள் உள்ளே ஏறிக் கதவை மூடினாள். மேலே அவளுக்காகப் படங்கள் காத்திருந்தன.